கேட்டு வாங்கிய படமும் கேட்காமல் எடுத்த படமும்

மாலை பஸ்ஸில் செய்தி போன காலம் ஒன்று இருந்தது. பேராவூரணி பஸ் ஸ்டாண்டில் பட்டுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர் போகும் வண்டியின் கண்டக்டரிடம் ஒரு பழுப்புக் கவரை நீட்டுவார் உள்ளூர் நிருபர். "அண்ணே, தஞ்சாவூர்ல பையன் நிப்பான், வாங்கிக்குவான்" என்று சொல்லி டீக்குச் சில்லறையும் கொடுப்பார். கவரின் மேல் பத்திரிகையின் பெயர், அதன் கீழ் சிவப்பு மையில் 'செய்தி – அவசரம்'. உள்ளே ஒரு பக்கம் மட்டும் எழுதிய நாலைந்து தாள். விபத்துச் செய்தியாக இருந்தால் தாளோடு சேர்த்து ஒரு புகைப்படமும் இருக்கும். இறந்துபோனவரின் மார்பளவுப் படம்.

அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த நாளில் பல வீடுகளில் ஒருவருக்கு ஒரு படம் இருந்தாலே பெரிது. சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வளைகுடாவுக்கோ போவதற்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம், இல்லையென்றால் யார் கல்யாணத்திலோ பின்வரிசையில் நின்று எடுத்த குரூப் போட்டோ. குரூப் போட்டோ என்றால் பின்புறத்தில் பென்சிலால் 'இடமிருந்து மூன்றாவது' என்று எழுதி அனுப்ப வேண்டும். அதோடு இறந்தவர் பெயர், ஊர், 'திருப்பி அனுப்பவும்' என்ற குறிப்பு. அலுவலகத்தில் அச்சுக்குப் பிளாக் எடுத்து முடித்ததும் படம் மறுபடி ஏதோ ஒரு பஸ்ஸில் ஊர் திரும்பும். நிருபர் அதை எடுத்துக்கொண்டு துக்க வீட்டுக்குப் போவார். அதற்குள் சாவு விழுந்து மூன்று நாளோ நாலு நாளோ ஆகியிருக்கும். பேப்பரில் வந்த செய்தியை வீட்டில் யாராவது படித்திருப்பார்கள், அல்லது படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருப்பார்கள்.

"என்ன தம்பி, எம்மவன் வாழ்நாள்ல குடிச்சது கெடையாது. அப்படிப் போட்டுட்டியே?"

வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாய் இப்படிக் கேட்டால் அதற்கு எந்த நிருபரிடமும் பதில் கிடையாது. அந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் அவர் முதல் நாளே நாலு பேரிடம் கேட்டு எழுதியிருப்பார். ஸ்டேஷனில் எழுத்தர் சொன்னதை ஆஸ்பத்திரியில் ஒருமுறை சரிபார்ப்பார். ஆஸ்பத்திரியில் எழுதியிருந்த வயதை வீட்டில் ஒருமுறை கேட்பார். அப்பா பெயரைக் கேட்பார். ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும் ஊர் இது. அப்பா பெயர் தப்பினால் உயிரோடு இருக்கும் இன்னொருவன் வீட்டில் ஒப்பாரி கேட்கும். பத்திரிகை நெறி என்று அவர் எங்கும் பாடம் படித்ததில்லை. அந்நாள் நிருபர்களில் பாதிப்பேர் பேப்பர் ஏஜென்ட்டுகள், மீதிப்பேர் பள்ளிக்கூட வாத்தியார்களோ பெட்டிக்கடை வைத்திருந்தவர்களோ. வாங்கிய படத்தைத் திருப்பிக் கொடுக்க அதே வீட்டுக்குப் போயாக வேண்டும் என்பது அவர்களை நேராக வைத்திருந்தது.

இப்போது யாரும் படம் கேட்டு வருவதில்லை. விபத்து நடந்து கால் மணி நேரத்தில் இறந்த பையனின் பேஸ்புக் பக்கத்திலிருந்தோ வாட்ஸ்அப் முகப்பிலிருந்தோ படம் எடுக்கப்பட்டுவிடுகிறது. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பைக்கில் சாய்ந்து நிற்கும் படம். போன வருஷம் நண்பர்களோடு மனோராவில் எடுத்ததாக இருக்கும். அதைப் பார்ப்பவர் மனசில் 'இவன் வேகமாகத்தான் ஓட்டியிருப்பான்' என்ற தீர்ப்பு அந்தப் படத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. வீட்டில் கேட்டிருந்தால் வேறு படம் கொடுத்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய படம், தங்கச்சி சடங்கில் வேட்டி கட்டி நின்ற படம். எந்தப் படம் ஊர் பார்க்கப் போகிறது என்று தீர்மானிக்கும் உரிமையாவது அந்த வீட்டுக்கு அன்று இருந்தது.

விபத்துச் சாவைச் சொல்வதில் நம் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. நேரடியாகச் சொல்ல மாட்டார்கள். "லேசா அடிபட்டிருக்கு, பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு, கெளம்பு" என்பார்கள். காரில் ஏற்றி உட்கார வைத்து, பாதி வழியில் "கொஞ்சம் சீரியஸ்தான்" என்பார்கள். ஊர் எல்லைக்கு வருவதற்குள் அந்த மனுஷனுக்கே விளங்கிவிடும். வெளியூரில் இருப்பவனுக்குத் தந்தியும் அப்படித்தான் போகும். 'அப்பா கவலைக்கிடம், உடனே புறப்படு' என்று இருந்தால் அப்பா போய்விட்டார் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தியதுமே அழுகை தொடங்கிவிட்ட வீடுகள் எத்தனை! 2013 ஜூலையில் அந்தச் சேவையே நின்றது. சாவுச் சேதி சொல்லும் வேலையை ஒரு சாதியாரின் தலையில் கட்டி, வெயிலில் ஊர் ஊராக ஓடவிட்டது நம் கிராமங்களின் அநீதி. அது ஒழிந்தது நல்லது. ஆனால் சேதி ஒரு மனுஷன் வாய் வழியாக, முகம் பார்த்து, இடைவெளி விட்டு வந்தது என்பது மட்டும் ஒழிந்திருக்க வேண்டியதில்லை.

இன்றைக்கு ஒரு தாய்க்கு மகன் இறந்தது எப்படித் தெரிகிறது? பக்கத்து வீட்டுப் பெண்ணின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்கு நடுவே மகன் முகம். அல்லது ஒரு செய்தி சேனலின் துண்டுச் செய்தி. சொந்தக்காரர்கள் இன்னும் யார் போய்ச் சொல்வது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே அது அவள் கைக்கு வந்துவிடுகிறது. வீட்டாருக்குச் சொல்லியாயிற்றா என்று ஒரு போன் செய்து கேட்டுவிட்டுப் பெயரைப் போடும் அந்த அரை மணி நேரத்தைக்கூடச் செய்திக்காரர்கள் காப்பாற்றித் தரவில்லை. இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

பெரிய விபத்துகளை எடுத்துக்கொண்டால் இந்த மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும். 1956 நவம்பர் 23ஆம் தேதி விடியும் முன் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் அரித்துப்போய்த் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்தச் செய்தி நம் ஊர்களுக்கு வானொலியிலும், மறுநாள் பேப்பரிலும், டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப்பேர் கேட்பதிலும் வந்து சேர்ந்தது. அந்த வண்டியில் யார் யார் வந்தார்கள் என்று தெரிய உறவுக்காரர்கள் நாள்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பு கொடுமைதான், மறுக்கவில்லை.

1992 பிப்ரவரி 18 கும்பகோணம் மகாமகம். குளக்கரை நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். பேராவூரணியிலிருந்தும் ஜனங்கள் மகாமகத்துக்குப் போவார்கள். போனவர்கள் வந்து இறங்கும்வரை வீட்டில் உலை வைக்கவில்லை. பஸ்ஸில் வந்து இறங்கிய ஒவ்வொருவரும் ஒரு கணக்குச் சொன்னார்கள். ஒருவர் நூறு என்றார், இன்னொருவர் ஐநூறு என்றார். வதந்தி அன்றும் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சொன்ன ஐநூறு பஸ் ஸ்டாண்டோடு கரைந்துபோயிற்று. அதைத் தாளில் எழுதி அனுப்பும் நிருபர் இருந்தால்கூட, தஞ்சாவூரில் ஒருவர், திருச்சியில் ஒருவர் எனக் கையில் பேனா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அதை அடித்திருப்பார்கள். 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து 48 பேர் இறந்தபோதும் இதே நிலைமைதான்.

2004 ஜூலை 16 எல்லாவற்றையும் மாற்றிப்போட்டது. கும்பகோணம் ஸ்ரீகிருஷ்ணா பள்ளியில் சமையற்கூடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அன்று பகலிலேயே தொலைக்காட்சிக் காட்சிகள் வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. நம் ஜில்லாவில் நடந்த ஒரு விபத்தை அது நடந்த அன்றே கண்ணால் பார்த்தது எங்களில் பலருக்கு அதுதான் முதல் தடவை. தூரத்தில் இருந்த ஒரு தாய் தன் குழந்தையின் உடையைத் திரையில் தேடினாள் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அன்று தஞ்சாவூர் கலெக்டராக இருந்தவர் ஜெ. ராதாகிருஷ்ணன். அதே வருஷம் டிசம்பரில் சுனாமி வந்தபின் நாகப்பட்டினத்துக்கு அனுப்பப்பட்டார். பதினைந்து வருஷம் கழித்து, 2019 அக்டோபர் 25 மாலை மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தபோது, வருவாய் நிர்வாக ஆணையராக அங்கே நின்று செய்தியாளர்களுக்கு மணிக்கொருமுறை விளக்கம் சொன்னவரும் அவரே. ஒரே அதிகாரி இரண்டு காலங்களிலும் நின்றார். முதலில் நின்றபோது அவரிடம் கேட்டவர்கள் 'எத்தனை குழந்தைகள், எப்படித் தீ பிடித்தது' என்று கேட்டார்கள். இரண்டாவது முறை அவர் பதில் சொல்ல வேண்டியிருந்ததில் பாதி, யாரோ எங்கோ உட்கார்ந்து தட்டிய சந்தேகங்களுக்கு. 29ஆம் தேதி அதிகாலை குழந்தையின் உடல் எடுக்கப்பட்ட பிறகும், அது உண்மையாகவே எடுக்கப்பட்டதா என்று கிளம்பிய வதந்திக்கு அவர் செய்தியாளர் கூட்டத்தில் நின்று விளக்கம் கொடுத்தார். பெற்றவர்கள் கல்லறைக்குப் போய் வந்த வீட்டில் அந்த விளக்கமும் கேட்டிருக்கும்.

2022 ஏப்ரல் 27, தஞ்சாவூர் அருகே களிமேடு. அப்பர் சதய விழாத் தேர் அதிகாலையில் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. காலைப் பேப்பர் அச்சாகி முடிந்த நேரம் அது. பேப்பரைப் பிரித்தவர்கள் அதில் தேடிப் பார்க்கவில்லை, எல்லோர் கையிலும் எரிந்த தேர் ஏற்கெனவே இருந்தது.

இப்படிச் சொல்லிக்கொண்டு போனால் அன்று எல்லாம் பொன், இன்று எல்லாம் மண் என்று நான் சொல்வதாகத் தோன்றும். அப்படி இல்லை. அன்றைய விபத்துச் செய்திகளை எடுத்துப் படியுங்கள். பண்ணையாரோ மிராசோ இறந்தால் பெயர், வயது, பரம்பரை, பிள்ளைகள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பது எல்லாம் வரும். நாற்று நடப் போன டிராக்டர் கவிழ்ந்தால் 'கூலிப் பெண்கள் 5 பேர் பலி' என்று முடிந்துவிடும். அந்த ஐந்து பேருக்கும் பெயர் இருந்தது. நிருபர் அந்தத் தெருவுக்குள் போகவில்லை. படம் கேட்டுப் போகும் மரியாதையெல்லாம் அவருக்குத் தெரிந்த தெருக்களோடு நின்றது. ஸ்டேஷனில் சொன்னதுதான் செய்தி என்று இருந்த நிருபர்களும் கணிசம். லாரிக்காரர் ஸ்டேஷனுக்கு வேண்டியவர் என்றால் தப்பு எப்போதும் சைக்கிளில் போனவன் மேலேயே விழும். பேப்பரிலும் அப்படியே வரும். சிதைந்த உடலை முதல் பக்கத்தில் போட்டதும் அந்தக் காலம்தான்.

பெயர் சொல்லாத வாயிலிருந்து வந்ததை அச்சில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இணையம் பிறக்கும் முன்பே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசல். அதில் நசுங்கி இறந்தவர்கள் 97 பேர். நாலு நாள் கழித்து 'தி சன்' பத்திரிகை முதல் பக்கத்தில் 'உண்மை' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, லிவர்பூல் ரசிகர்கள் இறந்தவர்களின் பாக்கெட்டிலிருந்து திருடினார்கள், உதவ வந்த போலீஸ்காரர்கள் மேல் சிறுநீர் கழித்தார்கள் என்று எழுதியது. சொன்னவர்கள் பெயர் வெளியிடாத போலீஸ்காரர்களும் ஓர் அரசியல்வாதியும். எல்லாம் பொய் என்று 2012இல் சுயேச்சைக் குழுவின் அறிக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2016இல் மரண விசாரணை நடுவர்கள் ரசிகர்கள் மீது தவறில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இடைப்பட்ட இருபத்தேழு வருஷம் அந்தத் தலைப்போடு வாழ்ந்தார்கள். லிவர்பூல்காரர்கள் பெரும்பாலோர் இன்றுவரை அந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குவதில்லை.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். அது எங்கள் ஊர்ப் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரை கடந்தது. முதல் நாள் முன்னெச்சரிக்கை நன்றாக இருந்தது என்று பாராட்டுகள்தான் செய்தியாக ஓடின. பேராவூரணியிலும் பட்டுக்கோட்டையிலும் விடிந்தபோது தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. கரண்ட் இல்லை, டவர் இல்லை, ரோட்டில் விழுந்த மரத்தைத் தாண்டி வண்டி போக வழியில்லை. சென்னைச் செய்திக்காரர்களுக்கு இங்கே என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை. எங்கேயோ ஓரிடத்தில் சிக்னல் கிடைத்த இளைஞர்கள் எடுத்து அனுப்பிய படங்களும், அதைப் பார்த்துச் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்த ஊர்ப் பிள்ளைகள் பதறிப்போய்ப் போட்ட பதிவுகளும்தான் வெளியே இருந்தவர்களை இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தன. அவற்றைப் பார்த்த செய்தியாளர்களில் சிலர் கிளம்பி வந்தார்கள். நடந்தே கிராமங்களுக்குள் போனார்கள். அரசாங்கத்தின் கணக்குக்கு வராத வீடுகளைப் போய் எழுதினார்கள். இருபது முப்பது வருஷம் வளர்த்த தென்னையைப் பறிகொடுத்த குடும்பங்கள் என்ன நிலையில் இருக்கின்றன என்று அவர்கள் எழுதியபின்தான் வெளியூர்களிலிருந்து அரிசியும் தார்ப்பாயும் லாரி லாரியாக வந்தன.

அந்தப் பதிவுகள் செய்தியாளரைக் கிளப்பிவிட்டன, அவர் வந்து பார்த்தார். எனக்கு அதில்தான் விஷயம் இருக்கிறது. யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு இடத்துக்குப் போவது பத்திரிகை தோன்றிய நாள் முதல் நடப்பது. டீக்கடையில் காதில் விழுந்ததை வைத்துத்தான் பழைய நிருபரும் சைக்கிளை எடுத்தார். இன்றைக்கு அந்தப் பேச்சே செய்தி ஆகிவிடுகிறது, போவது என்ற பகுதி மட்டும் கழன்று விழுந்துவிட்டது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விபத்து என்று வையுங்கள். சேதுபாவாசத்திரத்துக்கும் கட்டுமாவடிக்கும் இடையில், ராத்திரி எட்டு மணி, மீன் வண்டியும் பைக்கும். ஆம்புலன்ஸ் வரும் முன்பே மூன்று பேர் வீடியோ எடுத்திருப்பார்கள். எட்டேகாலுக்கு அது ஊர்க் குரூப்புகளில் ஓடும். அதன் கீழே ஒருவர் 'மூணு பேரும் தண்ணி' என்று எழுதுவார். அவர் அந்த நேரம் எங்கே இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. இன்னொருவர் 'ரேஸ் விட்டானுங்க' என்பார். எட்டரைக்கு ஏதோ ஒரு சேனலின் பக்கத்தில் 'அதிவேகமே காரணம் என அப்பகுதி மக்கள் தெரிவிக்கின்றனர்' என்று வந்துவிடும். அந்த 'அப்பகுதி மக்கள்' யாரென்று தேடினால் அந்த இரண்டு பேர்தான். மறுநாள் மற்றவர்கள் இதைப் பார்த்து எழுதுவார்கள். மூன்றாம் நாள் பைக்கில் போனவன் ஹெல்மெட் போட்டிருந்தான், லைட் இல்லாமல் நின்ற வண்டியில்தான் மோதினான் என்று போலீஸ் சொன்னால் அதற்கு எங்கும் இடம் கிடைக்காது.

இறந்தவன் வீட்டில் அந்த வரி தங்கிவிடும். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்க வருபவர்கள் வரைக்கும் அது போகும். 'அந்தப் பையன் குடிச்சிட்டுப் போய்ச் செத்தவனாமே?' என்று கேட்டவர்களை நான் அறிவேன். நஷ்டஈட்டு வழக்குக்கு வக்கீலைப் பார்க்கப் போகும் அப்பாவுக்கு அந்த வரிதான் முதல் பயம். நல்லவேளை, கோர்ட் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. 1988இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: பத்திரிகைச் செய்தி என்பது கேள்விப்பட்டதைச் சொல்வது மட்டுமே, அதை எழுதிய நிருபர் வந்து சாட்சி சொன்னால் ஒழிய அது நிரூபணம் ஆகாது. நேரில் போய் எழுதிய நிருபரின் எழுத்துக்கே கோர்ட்டில் அந்த மதிப்புத்தான். முகம் தெரியாத ஒருவர் தட்டியதை எடுத்துப் போட்டவரைக் கூண்டில் ஏற்றினால் அவர் என்ன சாட்சி சொல்வார்?

அதிகாரபூர்வமாகச் சொன்னதையும் கேட்டபடி எழுத முடியாது என்பதைக் கடலூர் செம்மங்குப்பம் காட்டியது. 2025 ஜூலை 8 காலை, அங்கே ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். வேன் டிரைவர் வற்புறுத்தியதால்தான் கேட் திறக்கப்பட்டது என்ற பொருளில் ரயில்வேயின் முதல் விளக்கம் வந்தது. பிழைத்த மாணவனும் டிரைவரும் கேட் திறந்தேதான் கிடந்தது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த மாணவனிடம் பேசிய செய்தியாளர்களால்தான் அது நமக்குத் தெரிந்தது. அதே நேரத்தில் இணையத்தில் கேட்கீப்பரின் மொழியைப் பற்றியும் மாநிலத்தைப் பற்றியும் ஒரு பெரும் சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்தச் சண்டையையே எடுத்துச் செய்தியாக்கிய ஊடகங்களில் அந்த மாணவனின் குரல் அமுங்கிப்போனது.

அதே வருஷம் செப்டம்பர் 27, கரூர் வேலுசாமிபுரம். தமிழக வெற்றிக் கழகத் தலைவர் விஜய்யின் பிரச்சாரக் கூட்டத்தில் நெரிசல், 41 பேர் இறந்தார்கள். உடல்களை அடையாளம் காட்டுவது முடியும் முன்பே கரண்ட் நிறுத்தினார்கள், செருப்பு வீசினார்கள், ஆம்புலன்ஸை வேண்டுமென்றே கூட்டத்துக்குள் விட்டார்கள் என்று கதை கதையாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சிக்காரர் இருந்தார். வதந்தி பரப்பியதாகப் பலர் மேல் வழக்குப் போட்டார்கள், சிலரைக் கைதும் செய்தார்கள். அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணையை சிபிஐ-க்கு மாற்றியது. அந்த இரண்டு வாரமும் பல சேனல்கள் செய்தது என்ன? யாரோ இருவர் எழுதிய கேள்வியை 'எழும் கேள்விகள்' என்று போட்டு, அதைப் பற்றி நாலு பேரை உட்கார வைத்து விவாதம் நடத்தின. இறந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், அவர் எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினார், எங்கே நின்றார், கூடப் போனவர் என்ன பார்த்தார் என்று பொறுமையாகக் கேட்டு எழுதியவர்களும் இருந்தார்கள். அவர்களை நான் தேடிப் படித்தேன். நெரிசல் எப்படி உண்டாயிற்று என்பது எனக்கு விளங்கியது அவர்களால்தான்.

துக்கத்தில் இருப்பவர்களின் தனிமைக்குள் கேமராவோடு நுழையக் கூடாது என்று இந்தியப் பிரஸ் கவுன்சிலின் நடத்தை நெறிகள் சொல்கின்றன. விபத்திலும் இயற்கைப் பேரிடரிலும் சிக்கியவர்களைப் படம் எடுப்பது பொதுநலனுக்காக அவசியமாகலாம் என்றும் அதோடு சேர்த்தே சொல்கின்றன. நிதானமான வரிகள்தான். ஆனால் அந்தக் கவுன்சிலின் அதிகாரம் அச்சுப் பத்திரிகையோடு நிற்கிறது, அங்கேயும் கண்டிக்கத்தான் முடியும். சட்டத்தை நம்பி இந்தப் பிரச்சினையை விட்டுவிட முடியாது. வதந்தி வழக்கு என்று கிளம்பினால் அது பெரும்பாலும் அரசாங்கத்தைக் கேள்வி கேட்டவன் கழுத்துக்குத்தான் முதலில் போகும்.

காசைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாது. பேராவூரணி போன்ற தாலுகா ஊர்களில் செய்தி அனுப்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அன்றும் இல்லை. பஸ்ஸில் கவர் அனுப்பிய காலத்திலும் வந்த செய்தியை அளந்து கொடுத்த சொற்பக் காசுதான், விளம்பரம் பிடித்தால் கமிஷன். ஆனால் அன்று ஒரு நாளில் அவர் அனுப்ப வேண்டியது ஒரு கவர். சாயங்காலம் பஸ் கிளம்பும்வரை அவருக்கு நேரம் இருந்தது. பஸ்ஸைத் தவறவிட்டால் செய்தி மறுநாள், அவ்வளவுதான். இன்று அவர் போனில் பத்து குரூப், எட்டு மணி விபத்துக்கு எட்டரைக்குள் படம், வீடியோ, நாலு வரி எல்லாம் வேண்டும். வராவிட்டால் "மத்த சேனல்ல ஓடுது, நம்மகிட்ட ஏன் இல்லை?" என்று சென்னையிலிருந்து திட்டு விழும். அந்தத் தம்பிகள் சோம்பேறிகள் இல்லை. எனக்குத் தெரிந்தவர்களில் சிலர் இன்றும் கேட்காமல் படம் அனுப்புவதில்லை. அதனால் பின்தங்கி, அதனால் திட்டு வாங்கி, சொந்தப் பெட்ரோலில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இறந்தவர் வீட்டுக்குப் போய் வருவதைவிடப் போனில் வந்ததை எடுத்துப் போடுவது மலிவு. இந்தக் கணக்கைப் போட்டவர்கள் ஊர் நிருபர்கள் இல்லை.

பத்திரிகைப் பணியாளர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதுவும் பணியாளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் சண்டையாகவே இழுத்துக்கொண்டிருக்கிறது. பட்டியலிலேயே இல்லாத ஊர்த் தம்பி அந்தச் சண்டைக்கு வெளியே நிற்கிறார். ஒரு விபத்தென்றால் சம்பவ இடம், ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, இறந்தவர் வீடு என்று நாலு இடத்துக்குப் போக அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்கு ஒரு கூலியும் பெட்ரோல் காசும் நிறுவனம் தர வேண்டும். வீட்டில் சொல்லியாயிற்றா என்று கேட்டபின்தான் பெயரும் படமும் போகும், அதனால் ஒரு மணி நேரம் பிந்தினாலும் உன்னை யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஆசிரியர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். தப்பாகப் போட்டால் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வர வேண்டும், அதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு ஆள் போக வேண்டும். அடுத்த விபத்துக்கு முன்பு இவற்றில் முதலாவதையாவது ஒரு பத்திரிகை, ஒரே ஒரு சேனல் தொடங்கி வைக்கட்டும்.